அக்ஃபா ஐசோலெட் மடிப்புக் கேமராக்கள்: எதை வாங்குவது, எங்கே ஏமாறுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மடிப்புக் கேமரா ஒன்று வாங்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அக்ஃபா ஐசோலெட்டில்தான் வந்து நிற்கிறார்கள். பிறகு படத்தை எனக்கு அனுப்பி, "இது எந்த வகை, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துப் போனதால், வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேமராவில் வகை எண் ரோமன் எழுத்தில் பொறித்திருக்கும். நான் 1, 2, 3 என்றே எழுதுகிறேன்.

ஐசோலெட் என்பது ஒரு கேமராவா, பல கேமராக்களா?

ஒரு குடும்பம். ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருந்த அக்ஃபாவின் கேமரா தொழிற்சாலை 1930களின் இறுதியில் தொடங்கி 1960 வரை இந்தப் பெயரில் பல வகைகளை வெளியிட்டது. பொத்தானை அழுத்தினால் முன்கதவு கீழே விழும், லென்ஸ் துருத்தியோடு (மடிப்பு மடிப்பாக விரியும் கறுப்புக் கூடு) முன்னே பாயும். 120 என்ற அகலமான பிலிம் ரோலில் 6×6 செ.மீ. சதுரத்தில் 12 படங்கள். மூடினால் கனத்த புத்தகம் ஒன்றின் அளவுக்கு ஒடுங்கிவிடும்.

எலும்புக்கூடு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தூரத்தை எப்படி அளப்பது, எந்த லென்ஸ், எந்த ஷட்டர் ஆகிய மூன்றில்தான் வகைகள் பிரிகின்றன. விற்பவர்கள் முதலாவதை மட்டும் தலைப்பில் போடுவார்கள். நீங்கள் பின்னிரண்டையும் பார்க்க வேண்டும்.

தாத்தாவின் அக்ஃபா கேமரா ஒன்று பீரோவில் இருக்கிறது. அது ஐசோலெட்தானா?

துருத்தி இருக்கிறதா? இல்லையென்றால் அது ஐசோலெட் இல்லை. நம் வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் அக்ஃபா கிளிக் 3 அல்லது ஐசோலி. கிளிக் 3 இந்தியாவிலேயே தயாரானது. கறுப்புப் பெட்டி போன்ற எளிய கேமரா, அதுவும் 120 ரோலில் சதுரப் படம்தான் எடுக்கும். ஐசோலியின் பெயர் ஐசோலெட்டைப் போல ஒலிப்பதால் குழப்பம் வருகிறது. அது 4×4 செ.மீ. அளவில் 16 படம் எடுக்கும் வேறொரு கேமரா.

தாத்தாவின் கேமரா கிளிக் 3 ஆக இருந்தால் வருத்தப்பட வேண்டாம். கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் இல்லை. ஐசோலெட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பின்மூடிக்குள் பி2 என்று எழுதியிருக்கிறது. அந்த பிலிம் இப்போது கிடைக்குமா?

கிடைக்கும். 120 ரோலுக்கு அக்ஃபா வைத்திருந்த பழைய பெயர்தான் பி2. இன்றைக்கும் கடையில் விற்கிற 120 ரோல் அப்படியே பொருந்தும். வாங்கும்போது உள்ளே ஒரு காலி ஸ்பூல் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பிலிம் சுற்றிக்கொள்ள அது வேண்டும். முதல் ரோல் போடும் நாளன்றுதான் அது இல்லாதது பலருக்கும் தெரியவருகிறது.

1, 2, 3 மூன்றுக்கும் என்னதான் வித்தியாசம்?

1 எளிமையானது, மலிவானது. பெரும்பாலும் அக்னார் லென்ஸும் சாதாரண ஷட்டரும்தான். தூரத்தை உத்தேசமாகக் கணக்கிட்டு லென்ஸ் வளையத்தில் வைக்க வேண்டும்.

2 தான் அதிகம் கிடைப்பது. அக்னார், அபோடார், சோலினார் என்று மூன்று லென்ஸ்களும் இதில் வந்திருக்கின்றன. ஷட்டரும் மிகச் சாதாரணத்திலிருந்து மிக நல்லது வரை. ஆகவே "ஐசோலெட் 2" என்று சொன்னால் எதுவும் சொன்னதாகாது. இதிலும் தூரம் உத்தேசம்தான். மேல்தட்டில் இருக்கும் வட்டு தூரத்தை அளக்காது. அதை ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) என்று நினைத்து வாங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

3 வெளியானது 1951இல். இதில் உண்மையாகவே ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கிறது. ஆனால் அடுத்த கேள்வியைப் படிக்காமல் பணம் அனுப்பிவிடாதீர்கள்.

3இல் ரேஞ்ச்ஃபைண்டரைத் திருப்பினால் லென்ஸும் சேர்ந்து திரும்பும் அல்லவா?

திரும்பாது. இந்தப் பக்கத்தில் இருக்கும் கேள்விகளிலேயே அதிகம் பேரை ஏமாற்றியது இதுதான். 3இல் ரேஞ்ச்ஃபைண்டருக்கும் லென்ஸுக்கும் எந்த இணைப்பும் இல்லை. கண்ணை வைத்து, சிறு சக்கரத்தைத் திருப்பி, இரட்டை உருவம் ஒன்றாகும் இடத்தில் நிறுத்தி, அங்கே காட்டும் எண்ணைப் படித்து, அதே எண்ணை லென்ஸ் வளையத்தில் நீங்களே வைக்க வேண்டும். கேமராவுக்குள் கட்டிவைத்த அளவுகோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னச் சோதனை: ரேஞ்ச்ஃபைண்டர் சக்கரத்தில் எண்கள் மீட்டர் கணக்கிலும், லென்ஸ் வளையத்தில் அடிக் கணக்கிலும் இருந்தால், அது இரண்டு கேமராக்களைச் சேர்த்துச் செய்த ஒன்று. விலையைக் குறைத்துக் கேட்க நல்ல காரணம்.

உத்தேசமாகத் தூரம் வைப்பதைக் கண்டு பயப்படவும் தேவையில்லை. 85 மி.மீ. லென்ஸின் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப் 11இல் (எண் கூடினால் துளை சிறிது), தூரத்தை 5 மீட்டரில் வைத்தால் ஏறக்குறைய மூன்றரை மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை தெளிவாக விழும். தெருக் காட்சிக்கு இது போதும். அதே லென்ஸை எஃப் 4.5இல் திறந்து 2 மீட்டரில் ஒரு முகத்தை எடுத்தால், தெளிவு ஒரு சாண் ஆழத்துக்குத்தான். 3இன் ரேஞ்ச்ஃபைண்டருக்குக் கொடுக்கும் பணம் அந்த இடத்தில்தான் பயன்படுகிறது.

அக்னார், அபோடார், சோலினார். பெயர்கள் தெரியும், வித்தியாசம் தெரியவில்லை.

அக்னாரும் அபோடாரும் மூன்று கண்ணாடித் துண்டுகளால் ஆனவை. இரண்டும் பெரும்பாலும் 85 மி.மீ., எஃப் 4.5. இரண்டில் அபோடார் மேல். சோலினாரில் நான்கு துண்டுகள், புகழ்பெற்ற டெஸ்ஸார் லென்ஸின் பாணி. ஐசோலெட்டில் அதிகம் பார்ப்பது 75 மி.மீ., எஃப் 3.5.

எஃப் 11, எஃப் 16 என்று அப்பர்ச்சரைச் சிறிதாக்கினால் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலும் பெரிதாக வேறுபாடு தெரியாது. முழுதாகத் திறக்கும்போதுதான் குணம் தெரியும். அக்னார் ஓரங்களில் கரைந்து போகும். அபோடார் நடுவில் நன்றாக இருக்கும், மூலைகள் மிருதுவாகும். சோலினார் மூலை வரை தாங்கும். பழைய படம் போன்ற மென்மை வேண்டும் என்று அக்னாரையே தேடுகிறவர்களும் உண்டு. அது ரசனை, நான் குறுக்கே வரவில்லை.

சோலினாருடன் ஒரு 2, அபோடாருடன் ஒரு 3. இரண்டும் ஒரே விலை. எதை எடுப்பது?

நான் 2ஐ எடுப்பேன். சோலினாரின் தெளிவை வெளியிலிருந்து சேர்க்க முடியாது. ரேஞ்ச்ஃபைண்டரைச் சேர்க்கலாம்: ஃப்ளாஷ் பொருத்தும் இடத்தில் மாட்டிக்கொள்ளும் தனி ரேஞ்ச்ஃபைண்டர்கள் பழைய சந்தையில் கிடைக்கின்றன. 3இல் இருப்பதும் இணைப்பில்லாததுதானே, வேலை ஒன்றுதான்.

கண்ணாடி அணிந்து, குழந்தைகளையே அதிகம் படமெடுக்கும் நண்பர் ஒருவர் இந்தப் பதிலை ஏற்கவில்லை, 3ஐத்தான் வாங்கினார். அவர் படங்களும் நன்றாகத்தான் இருக்கின்றன.

ஷட்டரில் வாரியோ, ப்ரோன்டோ, ப்ரோன்டார், காம்பூர் என்று ஏதேதோ பெயர்கள். எது நல்லது?

வாரியோ, ப்ரோன்டோ, ப்ரோன்டார் மூன்றும் கால்ம்பாக் ஊரின் கௌதியர் நிறுவனம் செய்தவை. காம்பூர் மியூனிக்கின் டெக்கல் நிறுவனத்துடையது. வாரியோ, ப்ரோன்டோ இரண்டிலும் சில வேகங்கள்தான், உச்சம் 1/200 நொடி. ப்ரோன்டார் எஸ், எஸ்வி வகைகள் ஒரு நொடியிலிருந்து 1/300 வரை. காம்பூர் ராப்பிட், சின்க்ரோ காம்பூர் இரண்டும் 1/500 வரை.

வெயிலில் 400 ஐஎஸ்ஓ பிலிம் போட்டால் ப்ரோன்டோவில் எஃப் 22, 1/200 என்று ஓரத்தில் போய் முட்டிக்கொள்வீர்கள். 100 ஐஎஸ்ஓ போட்டால் எஃப் 16, 1/100 என்று நிம்மதியாக எடுக்கலாம். எளிய ஷட்டர் கெடுவதும் குறைவு. மெதுவான வேகங்களுக்கான பற்சக்கரங்களில் பழைய எண்ணெய் பிசினாக இறுகுவதுதான் வழக்கமான நோய். எளிய ஷட்டரில் அந்தப் பற்சக்கரங்களே கிடையாது. ப்ரோன்டாரில் ஒரு நொடி வைத்து அழுத்துங்கள். கிர்ர்ர் என்று சீராக ஓடி முடிந்தால் நலம். பாதியில் திக்கினால் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். காம்பூர் ராப்பிடில் 1/500ஐ ஷட்டரின் நெம்புகோலை இழுத்துத் தயாராக்குவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். இழுத்த பிறகு கட்டாயப்படுத்தித் திருப்பாதீர்கள். ஷட்டரில் வி என்ற எழுத்து இருந்தால் அது தானே படமெடுக்கும் டைமர். பழைய கேமராவில் அதைத் தொடவே தொடாதீர்கள். நடுவழியில் நின்றுவிட்டால் ஷட்டரும் சேர்ந்து நின்றுவிடும்.

ஃபோகஸ் வளையம் கல் மாதிரி இறுகிவிட்டது. எண்ணெய் விடலாமா?

விடாதீர்கள். விட்டால் அது ஷட்டர் இதழ்களில் இறங்கி இரண்டாவது நோயை உண்டாக்கும். அக்ஃபா அந்தக் காலத்தில் லென்ஸ் திருகுகளில் பூசிய பச்சை நிற மசகு, ஆண்டுகள் போகப் போகக் கோந்தாகிவிடுகிறது. 1950களின் ஐசோலெட்டுகளில் இறுகாத வளையத்தைப் பார்ப்பதுதான் அதிசயம்.

ஐசோலெட்டில் முழு லென்ஸும் நகர்வதில்லை. முன் கண்ணாடி மட்டும் திருகு மரையில் முன்னும் பின்னும் போகிறது. அந்த மரையில்தான் பச்சைக் கோந்து. முன்பகுதியைக் கழற்றி, சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவத்தைச் சொட்டு சொட்டாக விட்டு, ஒரு நாள் காத்திருந்து, திரவம் முழுவதும் ஆவியான பிறகு தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டி, ரப்பர் சுற்றிய இடுக்கியால் மெதுவாகத் திருப்ப வேண்டும். திரவம் ஈரமாக இருக்கும்போது சூடு காட்டினால் தீப்பிடிக்கும். எனக்கு ஒரு அபோடார் வழிவிட ஐந்து நாள் ஆனது. பிறகு பழைய மசகைத் துடைத்துவிட்டுப் புதியதை மிகச் சிறிதளவு பூச வேண்டும்.

என்னுடையதில் வளையம் வழவழவென்று திரும்புகிறது. அப்படியானால் தப்பித்தேன் அல்லவா?

அதுதான் எனக்கு அதிகப் பயம் தருவது. நான் வாங்கிய முதல் ஐசோலெட் 3இன் வளையம் வெண்ணெய் போலத் திரும்பியது. விற்றவர் "முழுதும் சர்வீஸ் செய்தது" என்றார். முதல் ரோலில் பன்னிரண்டு படமும் ஒரே அளவில் மங்கல். வீட்டில் பிரித்துப் பார்த்தபோது, வெளி வளையத்தை லென்ஸோடு பிடித்திருக்கும் மூன்று குட்டித் திருகாணிகளும் தளர்த்தப்பட்டிருந்தன. வளையம் மட்டும் சுற்றுகிறது. உள்ளே கண்ணாடி அசையவே இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. முன் கண்ணாடியும் நடுக் கண்ணாடியும் கோந்தால் ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து ஷட்டரிலிருந்தே கழன்று திரும்பும். கைக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே வளையத்தைத் திருப்பும்போது பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: முன் கண்ணாடியின் சட்டம் சுழல வேண்டும், கொஞ்சம் வெளியே வர வேண்டும், அதற்குப் பின்னால் இருப்பது அசையக் கூடாது.

ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று பிலிம் வீணாக்காமல் பார்க்க முடியுமா?

முடியும். பின்மூடியைத் திறந்து, பிலிம் ஓடும் உள் தண்டவாளங்களின் மேல் ஒரு துண்டு டிரேசிங் பேப்பரை விறைப்பாக ஒட்டுங்கள். ஷட்டரை பி நிலையில் (அழுத்திப் பிடிக்கும்வரை திறந்தே இருக்கும்) திறந்து பிடித்து, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, மாலையில் தூரத்துத் தெருவிளக்கு ஒன்றை நோக்கி வையுங்கள். வளையம் முடிவிலிக் குறியில் இருக்கும்போது, பூதக்கண்ணாடி வழியே பார்த்தால் விளக்கு கூர்மையான புள்ளியாகத் தெரிய வேண்டும். அரிசி அளவுக்குப் பரவியிருந்தால் அளவு தவறிவிட்டது. மேலே சொன்ன மூன்று திருகாணிகளைத் தளர்த்தி, கண்ணாடியைக் கூர்மை வரும் இடத்தில் நிறுத்தி, வளையத்தை முடிவிலியில் வைத்து மீண்டும் இறுக்கினால் போதும்.

3ஆக இருந்தால் அதே விளக்கை ரேஞ்ச்ஃபைண்டரிலும் பாருங்கள். இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போக வேண்டும்.

துருத்தி பார்க்கப் புதிது மாதிரி இருக்கிறது. ஆனால் படங்களில் வெள்ளைக் கறைகள் விழுகின்றன. ஏன்?

பார்வைக்குப் புதிதாக இருப்பது ஒன்றையும் நிரூபிப்பதில்லை. போருக்குப் பிந்தைய ஐசோலெட்டுகளில் அக்ஃபா பூச்சுத்துணித் துருத்தியைப் போட்டது. மடிப்பு மூலைகளில் பூச்சு உதிர்ந்து ஊசித்துளைகள் விழும். இருட்டறையில் துருத்திக்குள் செல்பேசி விளக்கை வைத்து நாலா பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். ஒருமுறை விண்மீன் மண்டலத்தையே பார்த்திருக்கிறேன்.

ஓரிரு துளைகளுக்குக் கறுப்பு நிறப்பொடி கலந்த வெள்ளைப் பசையைத் தடவலாம். மூடுவதற்கு முன் நன்றாகக் காயட்டும், இல்லாவிட்டால் மடிப்புகள் ஒட்டிக்கொள்ளும். துளைகள் நிறைய இருந்தால் துருத்தியையே மாற்ற வேண்டும். அந்தச் செலவு பல நேரம் கேமராவின் விலையைத் தாண்டும். ஆகவே சோலினார் இருப்பதற்காக ஓட்டைத் துருத்தியை வாங்குவதைவிட, நல்ல துருத்தியோடு அபோடாரை வாங்குவது மேல். முன்பு சொன்ன லென்ஸ் ஒப்பீடெல்லாம் துருத்தி தேறிய பிறகுதான்.

பொத்தான் அழுந்தவே மாட்டேன் என்கிறது. உடைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. 2, 3 இரண்டிலும் ஒரே படத்தின் மேல் இன்னொன்று விழாமல் இருக்கப் பூட்டு உண்டு. பிலிம் சுற்றும் குமிழை நகர்த்தினால் பொத்தான் விடுபடும். அழுந்துகிறது, ஆனால் ஷட்டர் ஓடவில்லை என்றால், லென்ஸின் மேல் இருக்கும் நெம்புகோலை இழுத்தீர்களா என்று பாருங்கள். பிலிமைச் சுற்றுவதால் ஷட்டர் தானாகத் தயாராகாது. இரண்டும் தனித்தனி வேலைகள்.

ஐசோலெட் வி என்றால் ஐந்தாவது வகை, கடைசியாக வந்தது, அதனால் சிறந்தது என்கிறார் கடைக்காரர்.

ரோமன் எண்ணாகப் படித்ததால் வந்த வினை. வி போருக்குப் பிந்தைய ஆரம்ப காலத்து எளிய வகை. 3இல் உள்ள எதுவும் அதில் இல்லை. அந்தக் கடைக்காரரிடம் வேறு எதையும் விசாரித்து வாங்குங்கள்.

பெயரின் முதல் எழுத்து ஜே போல இருக்கிறது. போலியா?

இல்லை, பழையது. அந்தக் காலத்து ஜெர்மன் எழுத்தமைப்பில் பெரிய ஐ, ஜே போலத்தான் இருக்கும்.

எல் வகையில் ஒளிமானி இருக்கிறதே, அது லாபம்தானே?

எல் 1957இல் வந்தது. செலினிய ஒளிமானி, கலர் அபோடார் லென்ஸ், ப்ரோன்டோ ஷட்டர். பேட்டரி வேண்டாம் என்பது நல்லதுதான்; ஆனால் இத்தனை ஆண்டுகளில் பல செலினியத் தகடுகள் செத்துவிட்டன. ஜன்னலுக்கும் சுவருக்கும் மாற்றிக் காட்டும்போது முள் அசைந்தாலும் அது சரியாகச் சொல்கிறது என்று பொருளில்லை. செல்பேசி ஒளிமானிச் செயலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முள் செத்திருந்தால் எல் என்பது ஓர் அபோடார் ஐசோலெட், அவ்வளவே. அந்த விலைக்கு வாங்குங்கள்.

சூப்பர் ஐசோலெட் என்று ஒன்று பல மடங்கு விலையில் இருக்கிறது. அப்படி என்ன அதில்?

1954இல் வந்த இது பெயரளவில்தான் இந்தக் குடும்பம். ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோடு இணைந்தது. முன் கண்ணாடி மட்டும் நகராமல் லென்ஸ் முழுவதும் நகரும். பிலிம் ஒவ்வொரு படத்துக்கும் தானே நின்றுகொள்ளும், பின்மூடியின் சிவப்பு ஜன்னலில் பட எண்ணைத் தேட வேண்டாம். சோலினார் 75 மி.மீ., சின்க்ரோ காம்பூர். 3இல் நீங்கள் எதிர்பார்த்து ஏமாந்ததெல்லாம் இதில் உண்மையாகவே இருக்கிறது. பச்சைக் கோந்தும் இருக்கிறது, அதுவும் எட்டாத இடத்தில். இதை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள்.

இதே அமைப்பைப் பின்பற்றி சோவியத் யூனியனில், மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில், 1960 முதல் இஸ்க்ரா என்ற கேமரா வந்தது. லென்ஸ் அருமை. பிலிமை நிறுத்தும் பொறிதான் அதன் பலவீனம். வாங்குமுன் ஒரு பழைய ரோலைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து வருபவற்றில் ஆன்ஸ்கோ என்று இருந்தால் அதுவும் உறவுதான்: ஸ்பீடெக்ஸ் ஸ்பெஷல் ஆர் என்பது நம் 3, சூப்பர் ஸ்பீடெக்ஸ் என்பது சூப்பர் ஐசோலெட்.

எல்லாம் சரிபார்த்துவிட்டேன். ஆனாலும் சில படங்களில் நடுப்பகுதி மட்டும் மங்குகிறது.

பிலிமைச் சுற்றிவிட்டுப் பிறகு கேமராவைத் திறக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். துருத்தி படாரென்று விரியும்போது உள்ளே காற்றை இழுக்கிறது. அந்த இழுப்பில் பிலிமும் முன்பக்கம் தொப்பையாகிறது. முன்கதவை விரலால் தாங்கி மெதுவாகத் திறங்கள், திறந்த பிறகு சுற்றுங்கள். சுற்றும்போது பிலிம் மீண்டும் விறைப்பாகிவிடும்.

மங்கல் ஒரே பக்க ஓரத்தில் என்றால் அது வேறு விஷயம். லென்ஸைத் தாங்கும் சட்டத்தை விரலால் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஆடினால் அந்தச் சட்டத்தைப் பிடித்திருக்கும் உலோகக் கைகள் வளைந்திருக்கின்றன.

என்னிடம் துருத்தி நன்றாக உள்ள 2 இருக்கிறது, அக்னாருடன். உடைந்த 3 ஒன்றிலிருந்து சோலினாரை எடுத்து இதில் மாட்டலாமா?

இந்த யோசனை எல்லோருக்கும் ஒரு நாள் வருகிறது. அக்னார் 85 மி.மீ., அந்தச் சோலினார் 75 மி.மீ. முடிவிலியில் சோலினார் பிலிமுக்கு ஏறக்குறைய 10 மி.மீ. நெருக்கமாக நிற்க வேண்டும். அக்னார் நின்ற இடத்தில் அதை மாட்டினால் அருகில் உள்ள பொருள் மட்டுமே தெளியும், தூரத்து மலை ஒருநாளும் தெளியாது. முன் கண்ணாடியை மட்டும் மாற்றுவதும் ஆகாது. அது தன் பின் கண்ணாடிகளோடு சேர்த்தே பொருத்தப்பட்டது.

திசையை மாற்றுங்கள். உடைந்த 3இல் லென்ஸும் அதன் சட்டமும் நன்றாக இருந்தால், உங்கள் 2இன் துருத்தியைக் கழற்றி அதில் ஒட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கழற்றும்போது மூலைகளைச் சுரண்டாமல் பசையை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள்.